கிராஃப் ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஒரு யூகம் எழுத வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கணக்கு வகுப்புல டெஸ்மோஸ், ஜியோஜீப்ரா மாதிரி ஆன்லைன் கிராஃப் கருவிங்களை யூஸ் பண்ணலாமா வேணாமான்னு ஆசிரியர் அறையிலயும் பெற்றோர் கூட்டத்துலயும் ஓயாம பேச்சு நடக்குது. ஒரு பக்கம், சமன்பாட்டை டைப் பண்ணா படம் தானா வந்துடுது, அப்புறம் பிள்ளைங்க எதுக்கு கையால வரையும், எல்லாம் சோம்பேறியாகிடும்னு சொல்றாங்க, இன்னொரு பக்கம் இனிமே கிராஃப் ஷீட்டே வேணாம், ப்ரொஜெக்டர்ல போட்டுக் காட்டிட்டா பாடம் முடிஞ்சுதுன்னு சொல்றாங்க. பல வருஷமா சார்புகள் பாடம், அதாவது ஒவ்வொரு எக்ஸ்-க்கும் ஒரே ஒரு ஒய் தர்ற விதிகளைப் பத்தின பாடம், நடத்திட்டு வர்றேன், எனக்கு ரெண்டு பக்கமும் ஒத்து வரல. பாடத்துல எந்த நிமிஷத்துல அந்தக் கருவியைத் திறக்கறோம்ங்கிறதுல தான் எல்லாமே இருக்கு, அதைப் பத்தி யாருமே பேச மாட்டேங்கறாங்க, அதனால தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

முதல்ல பழைய முறை எப்படி இருக்குன்னு பார்ப்போம். ஒய் = எக்ஸ்² வரையணும். எக்ஸ்-க்கு -3ல இருந்து 3 வரைக்கும் மதிப்பு போட்டு டேபிள் எழுதணும், அச்சு வரையணும், அளவுத்திட்டம் மூலையில எழுதணும், ஏழு புள்ளி வைக்கணும், சேர்க்கணும். இதுக்கே ஒரு பீரியட் ஓடிப் போயிடும். பாதிப் பிள்ளைங்க புள்ளிகளை ஸ்கேல் வச்சு நேர்கோடா சேர்த்துடும், அடியில வளைவு வர வேண்டிய இடத்துல கூர்மையா ஒரு முனை வந்து நிக்கும். அது கவனக்குறைவு இல்லைங்க, அந்தப் பிள்ளை மனசுல கிராஃப்னா ஏழு புள்ளியும் அதைக் கட்டுற ஒரு கோடும் தான். 1-க்கும் 2-க்கும் நடுவுல எக்ஸ்-க்கு எண்ணி முடியாத மதிப்பு இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஒய் இருக்கு, கோட்டுல இருக்கிற ஒவ்வொரு புள்ளியும் அந்த விதிக்குக் கட்டுப்பட்டு வந்ததுங்கிற விஷயம் அதுக்குள்ள இறங்கவே இல்ல. கருவியில டேபிளைப் போட்டு இடைவெளியை 1ல இருந்து 0.5 ஆக்கி, அப்புறம் 0.1 ஆக்கிக் காட்டினா புள்ளிங்க நெருங்கி நெருங்கி தானாவே வளைவாகுறதைப் பிள்ளைங்க பார்க்குது. இதைக் கையால செய்யச் சொன்னா யாரால முடியும்?

இதை விடப் பெரிய நஷ்டம் ஒண்ணு இருக்கு. ஒரு பீரியடுக்கு ஒரு படம்ங்கிற வேகத்துல போனா பிள்ளைங்க தனித்தனி படங்களைத் தான் பார்க்கும், அதுங்க எல்லாம் ஒரு குடும்பம்னு தெரியாமலே போயிடும். சார்புகள்ல முக்கியமானதே அது தானே, ஒரு எண்ணை மாத்தினா முழு வளைவும் என்ன ஆகுதுங்கிறது. கருவியில இருக்கிற ஸ்லைடர், அதாவது இழுத்தா எண்ணை மாத்துற பட்டை, இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. ஆனா ஸ்லைடரை இழுத்துக் காட்டிட்டா போதும்னு நினைச்சுடாதீங்க, அங்க தான் பெரும்பாலான வகுப்புங்க வழுக்கி விழுது.

நான் வகுப்புல செய்யறதை அப்படியே எழுதறேன். ஒய் = ஏ எக்ஸ்² + பி எக்ஸ் + சி. ஏ-ஐ மாத்தினா பரவளையம், அதாவது இந்தச் சமன்பாடு தர்ற கிண்ணம் மாதிரி வளைவு, குறுகும் விரியும், மைனஸ் ஆனா கவிழ்ந்துக்கும், சி-ஐ மாத்தினா மேல கீழ போகும், இதெல்லாம் பிள்ளைங்க சட்டுனு பிடிச்சுக்கும், இதுல அதிக நேரம் செலவு பண்ணத் தேவையில்ல. இப்ப பி-க்கு வர்றோம். ஸ்க்ரீனை அணைச்சுட்டு, ஏ 1, சி 3, பி-ஐ மட்டும் 0ல இருந்து மெல்ல மெல்ல கூட்டப் போறேன், பரவளையத்தோட முனை, அதாவது வளைவு திரும்புற புள்ளி, எப்படி நகரும்னு ஒவ்வொருத்தரும் நோட்டுல ஒரு அம்புக்குறி போட்டு, ஏன்னு ஒரு வரி எழுதுங்கன்னு சொல்வேன். பேனாவால தான் எழுதணும், அழிக்கக் கூடாது. ஏறக்குறைய வகுப்பு முழுக்க "பக்கவாட்டுல போகும்"னு எழுதும், சி மேல கீழ நகர்த்துச்சு, அப்ப பி இடது வலது தான்னு ஒரு நியாயம் அதுங்களுக்கு. சில பேர் எக்ஸ் கூட இருக்கிறதால சாய்ஞ்சுக்கும்னு எழுதும். அதுவும் யோசிச்ச பதில் தான், நேர்கோட்டுல எக்ஸோட கெழு தான் சாய்வுன்னு படிச்சிருக்கு இல்லையா.

அப்புறம் தான் ஸ்லைடர். இழுத்தா முனை பக்கவாட்டுல போகுது, ஆனா கூடவே கீழயும் இறங்குது. பி 2 ஆகும்போது முனை (-1, 2), 4 ஆகும்போது (-2, -1), 6 ஆகும்போது (-3, -6). மைனஸ் பக்கம் இழுத்தா அதே மாதிரி வலது பக்கமா இறங்குது. வகுப்புல ஒரு சலசலப்பு வரும் பாருங்க, ஏன்னா பேனாவால எழுதின அம்புக்குறி நோட்டுல இருக்கு, ஸ்க்ரீன்ல வேற என்னமோ நடக்குது. இப்ப அந்த முனைங்களை டேபிள்ல போடச் சொல்வேன், போட்டுப் பார்த்தா அதுங்களே ஒரு தலைகீழ் பரவளையத்துல உட்கார்ந்திருக்கு, ஒய் = 3 - எக்ஸ்². அது ஏன்னு கேட்டா யாராவது ஒரு பிள்ளை எழுந்து முனையோட எக்ஸ் மதிப்பு மைனஸ் பி பை 2 ஏ தானே, அதைத் திரும்ப உள்ள போட்டுப் பார்க்கலாமான்னு கேட்கும். அந்தச் சூத்திரம் அதுவரைக்கும் மனப்பாடம் பண்ணின ஒரு வரி, இப்ப தான் அதுக்கு ஒரு வேலை வந்திருக்கு. போட்டுப் பார்த்தா சி - ஏ எக்ஸ்²னு அழகா வந்து நிக்கும். இன்னொரு பிள்ளை பி எதுவா இருந்தாலும் எல்லா வளைவும் (0, 3) வழியா தான் போகுதுன்னு கவனிச்சுச் சொல்லும், எக்ஸ்-க்கு 0 போட்டா பி எக்ஸ் காணாம போயிடுது இல்லையான்னு பக்கத்துப் பெஞ்ச்ல இருந்து பதில் வரும். இது கரும்பலகையில நடக்காதுன்னு சொல்ல மாட்டேன், ஆனா ஒரு பீரியட்ல நடக்காது.

இதையே யூகம் எழுதச் சொல்லாம நேரா ஸ்லைடரை இழுத்துக் காட்டினா என்ன ஆகும் தெரியுமா? எல்லாரும் தலையாட்டுவாங்க. படம் நகரும், அழகா இருக்கும், புரிஞ்சுதான்னு கேட்டா புரிஞ்சுதுன்னு கோரஸா சொல்வாங்க. அடுத்த நாள் பி-ஐக் கூட்டினா என்ன ஆகும்னு கேட்டா பழையபடி "பக்கவாட்டுல போகும்". கண்ணு பார்த்துச்சு, மனசு எதையும் மாத்திக்கல, ஏன்னா மனசு எதையும் முன்னாடி சொல்லி வைக்கல. தன் யூகம் தப்பாப் போறதைத் தானே பார்க்கிற பிள்ளைக்குத் தான் ஏன்ங்கிற கேள்வி வருது. அதனால நான் சக ஆசிரியர்கள் கிட்ட திரும்பத் திரும்ப கேட்டுக்கறது ஒண்ணே ஒண்ணு தான், ஸ்க்ரீனைத் திறக்கறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிஷம், பேப்பர், பேனா, ஒரு யூகம், ஒரு காரணம்.

இன்னொரு இடம், வருஷா வருஷம் பிள்ளைங்க தடுமாறுற இடம், எஃப்(எக்ஸ் - 3), அதாவது எஃப்ங்கிற சார்புல எக்ஸ்-க்குப் பதிலா எக்ஸ் - 3 போடுறது. மைனஸ் 3ன்னு இருக்கு, அப்ப இடது பக்கம் தானே போகணும்? வலது பக்கம் போகுது. "உள்ள இருந்தா தலைகீழா நடக்கும், மனப்பாடம் பண்ணிக்கோ"ன்னு சொல்லி முடிச்சுடறது வழக்கமாயிடுச்சு, எனக்கு அது ரொம்ப வருத்தமான விஷயம், ஏன்னா காரணம் அவ்வளவு எளிமையா இருக்கு. பழைய வளைவுல எக்ஸ் 0ல இருந்தப்போ கிடைச்ச உயரம் இப்ப கிடைக்கணும்னா அடைப்புக்குள்ள 0 வரணும், அதுக்கு எக்ஸ் 3 ஆகணும், அவ்வளவு தான், அந்த உயரம் 3-க்கு இடம் மாறிடுச்சு. கருவியில ரெண்டு டேபிளையும் பக்கத்துல பக்கத்துல வச்சா அதே ஒய் மதிப்புங்க மூணு மூணு தள்ளி வந்து உட்கார்ந்திருக்கிறது கண்ணுக்குத் தெரியும். இங்க படத்தை விட டேபிள் தான் நல்லா பேசும், நிறைய பேர் கருவின்னா படம் மட்டும்னு நினைச்சு டேபிளைத் தொடறதே இல்ல. எஃப்(2எக்ஸ்) ஏன் விரியாம பாதியா சுருங்குதுங்கிறதும் இதே டேபிள்லயே விளங்கிடும்.

சார்பகம், அதாவது ஒரு சார்புல எந்தெந்த எக்ஸைப் போடலாம்ங்கிறது, அது பத்தியும் சொல்லணும். இதை விட உயிரில்லாம நடத்தப்படுற பாடம் வேற இருக்கான்னு தெரியல, "வகுத்தல்ல கீழ 0 வரக்கூடாது, ரூட்டுக்குள்ள மைனஸ் வரக்கூடாது"ன்னு ரெண்டு விதி, அப்புறம் பத்து கணக்கு. அதுக்குப் பதிலா ரெண்டு வரியை டைப் பண்ணச் சொல்லுங்க. ஒண்ணு, எக்ஸை முதல்ல ஸ்கொயர் பண்ணி அப்புறம் ரூட் எடுக்கறது. இன்னொண்ணு, முதல்ல ரூட் எடுத்து அப்புறம் ஸ்கொயர் பண்றது. ரெண்டும் எக்ஸ் தானே சார், வெட்டிக்கும்ல, அப்படித் தான் யூகம் எழுதும் பிள்ளைங்க. படத்துல முதலாவது ஆங்கில எழுத்து வி மாதிரி மட்டுச் சார்பா, அதாவது மைனஸ் குறியை எடுத்துடற சார்பா, வந்து நிக்கும், ரெண்டாவது 0-க்கு இடது பக்கம் ஒண்ணுமே இல்லாம பாதிக் கோடா நிக்கும். எந்த வரிசையில செய்யறோம்ங்கிறதைப் பொறுத்து சார்பே மாறிப் போச்சு. அதே மாதிரி லாக்(எக்ஸ்²), 2 லாக் எக்ஸ், மடக்கை (லாக்) விதிப்படி ரெண்டும் ஒண்ணுன்னு எத்தனையோ தடவை எழுதியிருக்கும், வரைஞ்சா முதலாவதுக்கு ரெண்டு கிளை, ரெண்டாவதுக்கு வலது கிளை மட்டும் தான். எக்ஸ் 0-ஐ விடப் பெருசா இருந்தா மட்டும்னு புத்தகத்துல ஓரமா எழுதியிருந்த அந்த நிபந்தனை என்னத்துக்குன்னு இப்ப தெரியும். சார்பகம்ங்கிறது விடையோட கடைசியில ஒட்ட வைக்கிற வால் இல்ல, அது சார்போட ஒரு பாகம்னு நூறு தடவை சொன்னாலும் ஏறாதது இந்த ரெண்டு படத்துல ஏறிடுது.

இவ்வளவு சொன்னதால கருவி சொல்றதெல்லாம் வேதவாக்குன்னு நான் சொல்றதா நினைச்சுடாதீங்க. கருவி ஏமாத்தும், அந்த ஏமாத்தத்தையும் பாடமா நடத்தணும். ஒய் = எக்ஸ்², ஒய் = 2 பவர் எக்ஸ், இந்த ரெண்டையும் கம்ப்யூட்டர்ல டைப் பண்ணுங்க. திறந்த உடனே வர்ற விண்டோ சுமாரா -10ல இருந்து 10 வரைக்கும் எக்ஸைக் காட்டும், அதுல ரெண்டு வளைவும் ரெண்டு இடத்துல வெட்டுறது தெரியும், ஒண்ணு எக்ஸ் சுமார் -0.767 கிட்ட, இன்னொண்ணு 2ல. பிள்ளைங்க ரெண்டுன்னு விடை எழுதிட்டு மூடி வச்சுடும். ஆனா 4-ஐப் போட்டுப் பாருங்க, 4 ஸ்கொயரும் 16, 2 பவர் 4-ம் 16. மூணாவது வெட்டும் புள்ளி ஸ்க்ரீனுக்கு மேல ஒளிஞ்சுட்டு இருக்கு. இதைக் கண்டுபிடிக்கிறது படம் இல்ல, எண்ணைப் போட்டுப் பார்க்கிற பழைய பழக்கம் தான். 2-க்கும் 4-க்கும் நடுவுல எக்ஸ்² முந்துது, 3ல 9-க்கு 8, 4-க்கு அப்புறம் 2 பவர் எக்ஸ் பிச்சுக்கிட்டுப் போயிடுது, 10 வர்றதுக்குள்ள 100-க்கு 1024. ஒய் = எக்ஸ்² + 50ன்னு டைப் பண்ணிட்டு "சார் படமே வரல, ஆப் வேலை செய்யல"ன்னு சொல்ற பிள்ளைக்கும் இதே பதில் தான், விண்டோவை எங்க வைக்கணும்னு யோசிக்கிறதே வீச்சகத்தை, அதாவது ஒய் எந்தெந்த மதிப்பு எடுக்கும்ங்கிறதைப் பத்தி யோசிக்கிறது தான்.

எக்ஸ்² - 4-ஐ எக்ஸ் - 2-ஆல வகுத்து டைப் பண்ணுங்க, பார்க்க முழு நேர்கோடு மாதிரி தெரியும், எக்ஸ் + 2 தான்னு தோணும். ஆனா எக்ஸ் 2ல அந்தச் சார்புக்கு மதிப்பே கிடையாது, அங்க ஒரு ஓட்டை இருக்கு, அகலமே இல்லாத ஓட்டையை சாதாரணமா பார்க்கிற படத்துல எப்படித் தெரிய வைக்கிறது? டேபிள்ல 2-ஐப் போட்டா தான் மதிப்பு இல்லன்னு சொல்லும். சைன் எக்ஸ்லயும் ஒண்ணு இருக்கு, கருவியை டிகிரிக்கு மாத்தி வச்சுட்டு வரைஞ்சா அலையே வராது, அச்சு மேலயே படுத்த மாதிரி ஏறக்குறைய நேர்கோடா இருக்கும், ஏன்னா அந்த விண்டோவுல தெரியறது -10 டிகிரியில இருந்து 10 டிகிரி வரைக்கும் தான், சைன் 10 டிகிரியே சுமார் 0.17 தான். கருவி கெட்டுப் போச்சுன்னு விட்டுடாம ஏன் இப்படின்னு உட்கார்ந்து பேசினா கோணத்தை அளக்க ரேடியன்னு இன்னொரு அலகு எதுக்கு வந்துச்சுங்கிற கதை வரைக்கும் போகலாம், சின்னக் கோணத்துல சைன் வளைவு ஏறக்குறைய நேர்கோடுங்கிறதும் சேர்ந்து வந்துடும். டான் எக்ஸ் வரையும்போது சில கருவிங்க தொலைத்தொடுகோடு (வளைவு நெருங்கிக்கிட்டே போயும் தொடாத கோடு) இருக்கிற இடத்துல மேலயும் கீழயும் இருக்கிற புள்ளிகளை ஒரு செங்குத்துக் கோட்டால சேர்த்துடும், அது வளைவோட பாகம் இல்ல, கருவியும் நம்ம பிள்ளைங்க மாதிரியே புள்ளி புள்ளியா வச்சுத் தான் சேர்க்குதுன்னு அங்க காட்டலாம்.

அப்புறம், கருவி எதை டைப் பண்ணாலும் வரையும். எக்ஸ்² + ஒய்² = 25ன்னு போட்டா வட்டம் வந்துடும், எக்ஸ் = ஒய்²ன்னு போட்டா படுத்த பரவளையம் வந்துடும். படம் வந்துச்சு, அப்ப சார்பு தான்னு பிள்ளைங்க நினைச்சுக்குது. இதைச் சரி பண்ணவும் அதே கருவியிலயே வழி இருக்கு, எக்ஸ் = கேன்னு ஒரு செங்குத்துக் கோடு போட்டு கே-க்கு ஸ்லைடர் வச்சு இழுங்க, கோடு வட்டத்தை ரெண்டு இடத்துல வெட்டுற நேரத்துல நிறுத்தி, இந்த எக்ஸ்-க்கு எந்த ஒய்யைச் சொல்லுவன்னு கேளுங்க. செங்குத்துக்கோட்டுச் சோதனைன்னு ஒரு பேரை மனப்பாடம் பண்றதை விட இந்தக் கேள்வி பெருசு.

கருவியால முடியாததும் இருக்கு, அது தெரியணும். டைப் பண்ண எக்ஸை வச்சு எழுதின ஒரு கோவை வேணும்ங்கிறதால சார்புன்னாலே சூத்திரம் தான்னு பிள்ளைங்க மனசுல பதிஞ்சுடும் ஆபத்து இருக்கு. பெரிய கணித மேதைகளுக்கே இந்த எண்ணம் இருந்திருக்கு, 1748-ல ஆய்லர் சார்பை ஒரு கோவைன்னு தான் வரையறுத்தாரு, 1837-ல டிரிச்லே தான் சூத்திரம் இருக்கணும்னு அவசியம் இல்ல, ஒவ்வொரு எக்ஸ்-க்கும் ஒரே ஒரு ஒய் உறுதியா கிடைச்சா போதும்ங்கிற அளவுக்கு அதை விரிச்சாரு. அவரோட ஒரு சார்பு இருக்கு, எக்ஸ் விகிதமுறு எண்ணா (முழு எண்களோட பின்னமா எழுத முடியற எண்ணா) இருந்தா 1, அப்படி எழுத முடியாத விகிதமுறா எண்ணா இருந்தா 0. விதி எவ்வளவு தெளிவா இருக்கு, எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரே விடை தான், ஆனா உலகத்துல இருக்கிற எந்த ஆப்பாலயும் இதை உண்மையா வரைய முடியாது, எவ்வளவு பெருசாக்கிப் பார்த்தாலும் ரெண்டு வகை எண்ணும் கலந்தே இருக்கும். உயர்நிலை வகுப்புல இதைச் சொன்னா பிள்ளைங்க கண்ணு விரியறதைப் பார்க்கணும், கருவிக்கு வெளியிலயும் கணக்கு இருக்குன்னு அப்ப தான் தெரியுது. சின்ன வகுப்புக்கு சூத்திரமே இல்லாத டேபிளைக் கொடுக்கலாம், நாள் முழுக்க ஒவ்வொரு மணிக்கும் எடுத்த வெப்பநிலை, ஒரு செடி வாரா வாரம் வளர்ந்த உயரம், இதெல்லாமும் சார்பு தான், இதைக் கருவி டேபிளா வாங்கிக்கும்.

கையால வரையறதை விட்டுடலாமான்னு கேட்டா, விடவே கூடாதுன்னு தான் சொல்வேன். நேர்கோடு, பரவளையம், எக்ஸ்³, மட்டுச் சார்பு, 1 பை எக்ஸ், 2 பவர் எக்ஸ், சைன், இந்த அடிப்படை வடிவங்களை ஒவ்வொரு பிள்ளையும் டேபிள் போட்டு கையால ஒரு தடவையாவது வரைஞ்சிருக்கணும், பார்த்த உடனே ரஃபா ஒரு ஸ்கெட்ச் போடத் தெரியணும். அளவுத்திட்டம் எடுக்கிற கஷ்டம் தெரியாதவங்களுக்கு விண்டோவை மாத்தணும்னு தோணாது, யூகம் எழுதவும் அந்த வடிவங்க மனசுல இருக்கணும். ஆனா அதே எக்ஸ்²-ஐயே பத்து விதமா பத்து கிராஃப் ஷீட்ல வரைய வைக்கிறதுல என்ன லாபம்னு எனக்குத் தெரியல, அந்த நேரத்தைக் கேள்வி கேட்கக் கொடுங்க.

இந்தப் பயம் புதுசும் இல்ல. 1985-ல கேசியோ கிராஃப் வரையிற கால்குலேட்டரை விற்பனைக்குக் கொண்டு வந்ததுல இருந்தே இந்த விவாதம் இருக்கு. அப்ப அது காசு கொடுத்து வாங்கினவங்களுக்கு மட்டும். 2001-ல ஆஸ்திரியாவுல சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல மார்க்கஸ் ஹோஹென்வார்டர் ஜியோஜீப்ராவை ஆரம்பிச்சாரு, 2011-ல டெஸ்மோஸ் வந்துச்சு, ரெண்டையும் மாணவர்கள் இலவசமா யூஸ் பண்ணலாம், சாதாரணமா கிராஃப் வரைய அக்கவுண்ட் தொடங்கி லாகின் பண்ணக் கூடத் தேவையில்ல. அமெரிக்காவுல காலேஜ்ல சேர எழுதற எஸ்ஏடி தேர்வு டிஜிட்டலா மாறினப்போ தேர்வு ஸ்க்ரீனுக்குள்ளயே டெஸ்மோஸை வச்சுக் கொடுத்துட்டாங்க. கருவியைக் கொடுத்துட்டு அதுக்கு மேல என்ன கேட்கிறதுன்னு யோசிக்கிற காலம் இது, இன்னும் வகுப்பு வாசல்லயே அதைத் தடுத்து நிறுத்திட்டு இருந்தா என்ன பிரயோஜனம்?

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கம்ப்யூட்டர் எங்க இருக்கு, நெட் எங்க இருக்குன்னு கேட்பாங்க, நியாயமான கேள்வி. நான் சொல்ற முறைக்கு வகுப்புக்கு ஒரு ஸ்க்ரீன் போதும், யூகம் எழுதறது பேப்பர்ல தானே நடக்குது. ரெண்டு கருவிக்கும் போன் ஆப் இருக்கு, ஒரு தடவை இறக்கி வச்சுக்கிட்டா நெட் இல்லாமலே வரையும். ப்ரொஜெக்டரும் இல்லன்னா நாலஞ்சு பேருக்கு ஒரு போன், ஆனா போனைப் பிடிக்கிற பிள்ளை யூகம் சொல்லக் கூடாது, மத்தவங்க சொல்றதைத் தான் டைப் பண்ணணும்னு ஒரு விதி போட்டுடுங்க, இல்லன்னா ஒரே பிள்ளை எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டு மத்தவங்க வேடிக்கை பார்த்துட்டு இருப்பாங்க. இன்னொரு விஷயம், இதைப் பத்தி ரொம்பப் பேருக்குத் தெரியல. டெஸ்மோஸ்ல கிராஃபைச் சத்தமா கேட்கிற வசதி இருக்கு, வளைவு மேல ஏற ஏற ஸ்ருதி ஏறும், இறங்க இறங்க குறையும், இடமிருந்து வலமா ஒலி நகரும். பார்வை இல்லாத மாணவர் ஒருத்தர் சைன் வளைவைக் காதால கேட்டு அது திரும்பத் திரும்ப வர்றதைத் தானே கண்டுபிடிக்கலாம், பக்கத்துல யாரும் உட்கார்ந்து படத்தை வர்ணிக்க வேண்டியதில்ல. கருவி வேணாம்னு சொல்றவங்க இந்த மாணவர்களையும் ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்க்கணும்னு மன்றாடிக் கேட்டுக்கறேன்.

தேர்வு பத்தி ஒரு வரியாவது சொல்லாம இருக்க முடியாது. "கிராஃப் வரைக" மட்டும் கேள்வியா இருக்கிற வரைக்கும் ஆசிரியர்கள் வரையறதை மட்டும் தான் நடத்துவாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு படத்தைக் கொடுத்துட்டு இதுக்குப் பொருந்துற சமன்பாடு எது, ஏன்னு கேட்கலாம், ரெண்டு வளைவைக் காட்டி ஒண்ணுல இருந்து இன்னொண்ணு எப்படி வந்துச்சுன்னு கேட்கலாம், "இந்த மாணவர் ஸ்க்ரீன்ல ரெண்டு வெட்டும் புள்ளி பார்த்துட்டு ரெண்டு தான்னு எழுதியிருக்கார், சரியா"ன்னு கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்கு ஆப் வச்சிருந்தாலும் யோசிக்காம பதில் எழுத முடியாது, ஆப் இல்லாமலும் பதில் எழுதலாம், அதனால வசதி இருக்கிற பிள்ளை இல்லாத பிள்ளைங்கிற பேதமும் வராது.

ஐயா, உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். உங்க கல்விப் பக்கத்துல வாரம் ஒரு கிராஃப் போடுங்க, கீழ சமன்பாடு போடாதீங்க. இது எந்தச் சார்பா இருக்கும், ஒரு எண்ணை மாத்தினா எப்படி மாறும்னு வாசகர்கள் கிட்ட கேளுங்க, அடுத்த வாரம் விடை, கூடவே வந்த யூகங்கள்ல நல்ல காரணம் சொன்னது எதுவோ அது, தப்பான யூகமா இருந்தாலும் பரவாயில்ல, காரணத்தோட போடுங்க. முதல் வாரத்துக்கு நானே ஒரு கேள்வி தர்றேன். ஒய் = 2 பவர் எக்ஸ், ஒய் = எக்ஸ் பவர் 10, இந்த ரெண்டு வளைவும் மொத்தம் எத்தனை இடத்துல வெட்டிக்கும், கடைசியா வெட்டுற இடத்துல எக்ஸ் எந்தப் பத்துக்குள்ள இருக்கும், 10-க்குள்ளயா, 20-க்குள்ளயா, இன்னும் தள்ளியா? ஆப்பைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு எண்ணையும் ஒரு காரணத்தையும் எழுதி வச்சுக்கோங்க, அப்புறம் டைப் பண்ணுங்க, விண்டோவை எவ்வளவு தூரம் நகர்த்த வேண்டி வந்துச்சுங்கிறதையும் சேர்த்து எழுதி அனுப்பச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியர்